நாலு குச்சி வண்டி

தம்பி,

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. பழக்க தோஷம். சுகமில்லாமல் சுகம் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். சமீப காலத்தில் உனக்காக நான் சொன்ன பொய்களே போதும் என்று நிறுத்திக்கொண்டேன். உன் அம்மா நன்றாக இருக்கிறாள். கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய புடவையை எடுத்துப் பார்ப்பதும் மறுபடி மடித்து வைப்பதுமாக அவளுக்குப் பொழுது போகிறது. நான்தான் நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். நேரில் வந்தே பேசியிருக்கலாம். கிள்ளானிலிருந்து நீ இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நேரில் வந்தால் நீ "ஒரு நம்பருதானேப்பா" என்று மறுபடியும் சொல்வாய், நான் கத்திவிடுவேன், கல்யாண வீட்டில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேச ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்து இதைக் கடைசி வரை படி.

நேற்று நீ அனுப்பிய ஆள் வந்துவிட்டுப் போனான். மாப்பிள்ளை அழைப்புக்கு உன் மாமனார் தன் புதுக் காரை ஜோடித்து அனுப்புகிறாராம். அதில் முன் இருக்கையில் நான் மாலையோடு உட்கார்ந்து வர வேண்டுமாம். "நாலு குச்சியிலேயே அப்பா வந்து இறங்கட்டும், அவருக்கும் மனசு ஆறும்" என்று நீ சொன்னாயாம். அவன் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்து அனுப்பினேன். அவன் தலை மறைந்ததும் உன் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள். என் சொத்தை எடுத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அதே சொத்தில் என்னை விருந்தாளியாக ஏற்றி ஊர்வலம் விடப் பார்க்கிறாய். அதில் என் மனசு ஆறும் என்று வேறு நினைக்கிறாய். என்னை நீ அறிந்துகொண்டது இவ்வளவுதானா?

உனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்ததை மறந்துவிட்டாய் என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன். துரையிடம் டிரைவராக இருந்து மிச்சம் பிடித்ததையெல்லாம் போட்டு வாடகைக்கு ஓட்ட நான் சொந்தமாக ஒரு கார் வாங்கினேன். நீ அப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். வண்டியைப் பதிய அரசாங்கக் கச்சேரிக்குப் போனபோது, எனக்காகப் பேசுவதற்கு நீ கூட வந்தாய். எண்களை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அன்று போன உடனே எழுதிக்கொடுத்திருந்தால் ஏதோ ஒரு எண் வந்திருக்கும், நானும் அதோடு வீட்டுக்கு வந்திருப்பேன். நீதான் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாய். "அப்பா, கொஞ்ச நாள் பொறுத்தா ஆயிரத்து நூத்திப் பதினொண்ணு வரும். எல்லாமே ஒண்ணு. அம்மாகூடப் படிச்சிரும்" என்றாய். அம்மாகூடப் படிச்சிரும் என்று நீ சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. புது வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவைத்துக்கொண்டு அந்த எண் வரும் வரை காத்திருந்தேன். காருக்குப் பெயர் சூட்ட நல்ல நேரம் பார்க்கிறான் என்று தெருவில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பலகை எழுதுகிறவனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கறுப்பில் வெள்ளையாக, நான்கு கோடும் தடிமனாக, தூரத்திலிருந்து தெரிய வேண்டும். அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததற்கும் மேலே. காப்பார் சாலையில் தோட்டம் தோட்டமாக நம் ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு எல்லாக் காரும் ஒரே கார்தான். துரைமார் காரா, சீன முதலாளி தவுக்கே காரா, கை காட்டினால் நிற்குமா, திட்டுவானா என்று ஒன்றும் தெரியாமல் சாலை ஓரத்தில் பயந்து நின்றவர்கள் அவர்கள். நான்கு குச்சி வந்த பிறகு அந்தப் பயம் போயிற்று. குச்சியைப் பார்த்தால் கையைத் தூக்கலாம், அது நிற்கும், கைப்பிள்ளையோடும் கோழிக் கூடையோடும் ஏறலாம், உள்ளே இருக்கிறவன் அண்ணன் என்று லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டார்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிற சொந்தக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள், கப்பலை விட்டு இறங்கினால் வெளியே நாலு குச்சி நிற்கும், வேறு யார் கூப்பிட்டாலும் போகாதே, அதில் ஏறு என்று. என் பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

உன் அம்மாவை எடுத்துக்கொள். அவள் வாழ்நாளில் வாசித்த ஒரே எழுத்து அதுதான். பாசார் சந்தையில் நின்றுகொண்டு, வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்து, "அதோ நம்மது" என்று விரலை நீட்டுவாளே, அந்த முகத்தில் இருக்கும் பெருமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பரீட்சை எழுதி வாங்கி வந்த சர்டிபிகேட்டைக் காட்டியபோதுகூட அவள் முகத்தில் அத்தனை பெருமையை நான் பார்க்கவில்லை.

நம்பர் மீது ஆசைப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. டிரைவராக இருந்தவனுக்கு அந்த ஆசைகள் தெரியாதா? துரைமார் கிளப்புக்கு வெளியே கார்கள் நிற்கும்போது பார்த்திருக்கிறேன், யாருடைய எண் சின்னது என்று அவர்களுக்குள் ஒரு போட்டி ஓடும். எண் சின்னதாக இருந்தால் ஆள் பழைய ஆள், பெரிய ஆள் என்று அர்த்தமாம். சீனத் தவுக்கேமார் நாலைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள், எட்டுக்கு ஆலாய்ப் பறப்பார்கள். நம்மவர்கள் எண்ணைக் கூட்டிப் பார்த்து ஒன்பது வருகிறதா என்று விரல் மடக்குவார்கள். உன் மாமனாருக்கும் அப்படி ஓர் ஆசை வந்தால் அதில் தப்பில்லை. ரயில் பாதைக்குச் சரளைக்கல் கொடுத்து முன்னுக்கு வந்தவர், அம்பாங்கில் ஈயச் சுரங்கம் பங்குக்கு எடுத்திருக்கிறார், புதுக் கார் வாங்கியிருக்கிறார். அதற்கு யாரிடமும் இல்லாத எண் ஒன்று வேண்டும் என்று தோன்றுவது மனித இயல்பு. நான்கு ஒன்று வரிசையாக நிற்பது பார்க்கவும் அழகுதான். ஆனால் ஒன்று, தம்பி. நம்பர் பலகை வண்டியின் உள்ளே உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. வெளியே நிற்பவன் பார்ப்பதற்காக மாட்டுவது அது. அவன் அதைப் பார்த்து என்ன நினைக்கிறான் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. உன் மாமனார் காரைப் பார்க்கிறவன் 'பெரிய மனுஷன் போகிறார்' என்று நினைப்பான். என் காரைப் பார்த்தவன் 'எனக்கு வண்டி வந்துவிட்டது' என்று நினைத்தான். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாது. உனக்கு நன்றாகத் தெரியும்.

நானும் உன் அம்மாவும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது எதற்காக? உனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தால் பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று நான் வேண்டிக்கொண்டதற்காக. போகும்போது வண்டியை உன் பொறுப்பில் விட்டேன். வண்டி விஷயமாக எது வந்தாலும் மகன் பார்த்துக்கொள்வான் என்று கச்சேரியில் உன்னைக் காட்டிச் சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து கப்பலை விட்டு இறங்கியபோது உன் அம்மா கையில் பஞ்சாமிர்த டப்பா. உனக்காகக் கடல் தாண்டி மடியில் வைத்துக் கொண்டுவந்தது. துறைமுகத்துக்கு வெளியே வந்ததும் எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அதோ நம்மது" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கூலியாளுக்குச் சாமான்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கதவைத் திறந்து, டப்பாவை இருக்கையில் வைத்துவிட்டு, தானும் ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள். அது நம் வண்டி இல்லை. பளபளவென்று வேறு எதுவோ ஒரு பெரிய கார். ஆனால் பலகையில் நான்கு குச்சி இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அந்தக் காரின் டிரைவர் இறங்கி வந்து, "யாரும்மா நீ, எறங்கு, மொதலாளி வர்றாரு" என்று டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தான். உன் அம்மா அவனைத் திட்டவில்லை. பலகையைப் போய் இன்னொரு தரம் பார்த்தாள். தன் கண்தான் தப்பு என்று நினைத்து விரலால் ஒவ்வொரு குச்சியாகத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் நீ எங்கிருந்தோ ஓடி வந்தாய். யாரையோ வரவேற்கத் துறைமுகத்துக்கு வந்திருந்த உன் காண்ட்ராக்டர் மாமனாரும் வந்துவிட்டார். நீ எங்களை அவருக்கு அறிமுகம் செய்து வைத்தாய். பெண் பார்த்த சேதியையே நாங்கள் அப்போதுதான் கேட்கிறோம். அவர் கை கூப்பிச் சிரித்தார். "தப்பா ஏறிட்டாங்களா? ஏறட்டும் லா, இனிமே ரெண்டு வண்டியும் ஒரே குடும்பம்தானே" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நானே ஆசையோடு கொடுத்ததாகத்தான் நீ அவரிடம் சொல்லி வைத்திருந்தாய் என்று பேச்சில் தெரிந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால், முதல் சந்திப்பில், என் மகன் பொய்யன் என்று எப்படிச் சொல்வேன்? சிரித்தேன். உன் அம்மா டப்பாவை எடுத்துத் துடைத்துக்கொண்டு நம் காரில் வந்து ஏறினாள். அதில் எட்டும் மூன்றும் ஆறுமாக, வளைவும் சுழிவுமாக ஓர் எண் மாட்டியிருந்தது. அவரது புதுக் காருக்கு வந்த எண் அது.

வழியில் நான் கேட்டேன், நீ சொன்னாய். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. "ஒரு நம்பருதானேப்பா. வண்டி அதே வண்டி, எஞ்சின் அதே எஞ்சின். அவரு ஆசப்பட்டாரு, குடுத்துட்டேன். மாத்துறதுக்கு வேண்டிய எல்லாம் மொறையா செஞ்சாச்சு." முறையாகத்தான் செய்திருந்தாய். நான் போட்டுக் கொடுத்த கையெழுத்தை வைத்து முறையாகச் செய்தாய். திருடன் வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன், இரண்டு நாள் புலம்பியிருப்பேன், அதோடு போயிருக்கும். என் நம்பிக்கையையே சாவியாகப் போட்டுத் திறந்து எடுத்துக்கொண்டு போன மகனை எந்தப் போலீசில் சொல்வது? கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. நான் மொட்டை அடித்துக்கொள்ளக் கடல் கடந்து போன நாட்களைப் பார்த்து அதைச் செய்தாய்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்று கேட்டாய். கல்யாணம் முடியும் வரை இதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது, தோட்டத்து ஆட்கள் காண்ட்ராக்டர் காரைப் பார்த்துக் கை காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும், 'மகன் அப்பனுடைய நம்பரை எடுத்துக் கொடுத்துவிட்டான்' என்று பேச்சு கிளம்பினால் சம்பந்தம் கெட்டுவிடும் என்றாய். உன் அம்மா அழுதாள். "அவன் ஒரு நல்ல எடத்துல போய்ச் சேரட்டும்" என்றாள். நான் ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து காப்பார் சாலையில் என் காரைப் பார்த்து யாரும் கை தூக்குவதில்லை. நானாக நிறுத்தி, தலையை வெளியே நீட்டிக் கூப்பிட்டால்தான், "அட, அண்ணனா" என்று ஓடி வருவார்கள். பலகை என்ன ஆச்சு என்று கேட்பவர்களிடம் பழுதுபார்க்கப் போயிருக்கிறது, சீக்கிரம் வந்துவிடும் என்பேன். எல்லோரிடமும் அப்படி நிறுத்திச் சொல்ல முடியுமா? பலருக்குத் தெரியாமலேயே இருந்தது.

அஞ்சலையை உனக்குத் தெரியும். காப்பாரில் இரண்டாவது தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற முனியனின் பெண்சாதி. பள்ளி விடுமுறையில் நீ என்னோடு வண்டியில் வரும்போதெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்து, "தம்பி கிராணியா வந்து எங்களுக்கெல்லாம் சம்பளம் எழுதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். போன மாதம் அவளை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். முனியனுக்குக் காலில் மண்வெட்டி பட்டுப் புண்ணாகி, விஷம் ஏறி, பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஏம்மா இவ்வளவு நாள் கழித்தா கொண்டுவந்தாய் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் நடந்ததைச் சொன்னாள். அன்று நல்ல மழையாம். அவனைத் தாங்கிப் பிடித்துச் சாலை வரை கொண்டுவந்து மரத்தடியில் உட்கார வைத்திருந்தாளாம். டவுனுக்குப் போகும் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்று, ஏறிக்கொள்கிறாயா என்று கேட்டதாம். "வேணாம்னு அனுப்பிட்டேன்ணே. நாலு குச்சி வர்ற நேரம்தானே, சீக்கிரம் கொண்டுபோயிரலாம்னு."

நாலு குச்சி வந்தது. புது வண்டி வாங்கிவிட்டார் அண்ணன் என்று நினைத்தாளாம். சாலை நடுவிலேயே போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். வண்டி ஒதுங்கி, சேற்றை அடித்துவிட்டுப் போய்விட்டது. அது உன் மாமனார் கார். தென்னந்தோப்பு பார்க்க அவர் அந்தப் பக்கம் வந்த நாள் அது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மெல்லச் சொன்னாள்: "நீங்க இல்லண்ணே. தம்பி உள்ள உக்காந்திருந்துச்சு. என்னயப் பாத்துச்சு." மழைம்மா, கண்ணாடி மங்கியிருக்கும், அவன் பார்த்திருக்க மாட்டான் என்றேன். "அதுக்கப்பறம் ஒரு வண்டி வந்துச்சு. அது யாரோடதோ. அதுக்கு நான் கையே காட்டல" என்றாள்.

தம்பி, அந்த இரண்டாவது வண்டி என்னுடையது. அந்த மழையில் அந்தச் சாலையில் நான் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மரத்தடியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றதையும் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் மழையில் என் கண்ணில் படவில்லை. கை தூக்கவில்லை, மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்துப் போய்விட்டேன். என் பின் இருக்கை காலியாக இருந்தது. அவள் வளைவும் சுழிவுமாக இருந்த எண்ணைப் பார்த்து யாரோ என்று விட்டாள், நான் கை தூக்காததைப் பார்த்து யாரோ என்று விட்டேன். மறுபடி ஒரு மாட்டு வண்டி கிடைத்து அவனை டவுனுக்குக் கொண்டுவர மறுநாள் ஆகிவிட்டதாம். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் அந்தப் பாதம் பிழைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பிழைத்திருக்காது என்று சொல்லிக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரி வாசலில் உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. அது என் வண்டி இல்லையம்மா, நம்பர் கைமாறிவிட்டது என்று சொல்லியிருந்தால் அவள் அடுத்து யார் மாற்றினார்கள் என்று கேட்டிருப்பாள். உன் பெயரைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு நடுவில் நின்றது. அதனால், "வண்டிய நிறுத்தாம போனது தப்புதாம்மா, மன்னிச்சிரு" என்றேன். என் வண்டிதான் என்று நானே ஏற்றுக்கொண்டேன். அவள், "சரிண்ணே, விடுங்க" என்றாள். அவள் என்னை நம்பவில்லை. எனக்காக நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்தச் சாலையில் நான் சம்பாதித்தது அந்த 'சரிண்ணே' ஒன்றோடு போயிற்று.

பலகையைத் திருப்பிக் கொடு என்று கேட்கப்போகிறேன் என்று பயப்படாதே. அது எனக்கு வேண்டாம். ஒரு பெண் கை தூக்கியும் நிற்காமல் போன எண்ணை மறுபடி என் வண்டியில் மாட்டிக்கொண்டு நான் காப்பார் பக்கம் எப்படிப் போவேன்? உன் மாமனார் வைத்துக்கொள்ளட்டும், அவருக்கு அது அழகுதான். அவரிடம் இதைப் பற்றிச் சண்டை போடவும் வேண்டாம். அவருக்கு அவளைத் தெரியாது. சாலையில் யாரோ கை காட்டினால் நிற்க வேண்டும் என்ற பழக்கம் இல்லாதவர். எனக்கு நீ செய்ததோடு ஒப்பிட்டால் அவர் செய்தது ஒன்றுமே இல்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். நானும் ஒன்று சொல்கிறேன். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணின் பொருள் எதையும், உன் கண்ணுக்கு எவ்வளவு சின்னதாகத் தெரிகிற பொருளாக இருந்தாலும், அவளைக் கேட்காமல் எடுத்து யாருக்கும் கொடுக்காதே. கொடுத்துவிட்டால், இதுதானே என்று சொல்லாதே. ஒரு பொருளுக்கு என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியது அதை வைத்திருந்தவர்கள். அவள் உன்னை நம்பி எதையாவது ஒப்படைத்துவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனால், திரும்பி வரும்போது அது வைத்த இடத்தில் இருக்கட்டும். இவ்வளவு செய்தால் நீ நல்ல புருஷன். என்னிடம் நீ நல்ல மகனாக இல்லாமல் போனதற்கு அது ஈடாகாது, ஆனாலும் அவளாவது சந்தோஷமாக இருப்பாள்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் கிள்ளானுக்கு வா. நம் பழைய வண்டியில் காப்பாருக்கு உன்னை நானே கூட்டிப் போகிறேன். முனியன் லயத்து வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறான். வேலைக்கு இனி எப்படி வைத்திருப்பார்கள் என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது வண்டி என்னுடையது என்று அவர்களிடம் நான் சொல்கிறேன். முதல் வண்டியைப் பற்றி நீ சொல். அன்று நீ அவளைப் பார்த்தாயா இல்லையா என்று நான் உன்னிடம் கேட்க மாட்டேன். பதிலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கேட்டால் அவளுக்குச் சொல். அவர்களுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை உன் வாயால் நீ கேட்டுச் செய். மாமனார் காசில் வேண்டாம், உன் சம்பளத்தில் செய். கல்யாணத்துக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லாதே. அப்போது காண்ட்ராக்டர் வீட்டு மாப்பிள்ளை வந்து உதவி செய்துவிட்டுப் போனார் என்று ஆகிவிடும். இப்போது வந்தால்தான் என் மகன் வந்தான் என்று இருக்கும்.

நீ வராவிட்டாலும் நான் கல்யாணத்துக்கு வருவேன். உன் அம்மாவை அழ வைத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து கல்யாண வீட்டுத் தெரு வழியாக இரண்டு பேரும் நடந்தே வருகிறோம். எல்லோரையும் போல அட்சதை போட்டு உன்னை வாழ்த்துவேன். பெற்றவன் வாழ்த்துவதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் நடந்து வருகிற வழியில் அந்த ஜோடித்த கார் எங்களைத் தாண்டிப் போனால், உன் அம்மா பழக்கத்தில் விரலை நீட்டினாலும், நான் அவள் கையைப் பிடித்து இறக்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா